பழைய காரின் எஞ்சினில் 'டொக் டொக்': பட்டறைக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை

பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் ஐந்தாம் தளத்திலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கும்போதுதான் பலருக்கு அந்தச் சத்தம் முதன்முதலாகக் காதில் விழுகிறது. சாலையில் லாரியும் பஸ்ஸும் அமுக்கி வைத்திருந்ததை நிறுத்துமிடத்தின் தாழ்ந்த கூரையும் சிமெண்டுச் சுவரும் வெளியே கொண்டுவந்துவிடும். கண்ணாடியை இறக்கினால் இன்னும் தெளிவு: டொக், டொக், டொக். அடுத்த கணமே மனக்கணக்கு ஓடத் தொடங்கும். எஞ்சின் போய்விட்டதா? எவ்வளவு ஆகும்? சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்?

இது, 10 வயதைத் தாண்டிய காரை முதன்முறையாக வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டி. சிங்கப்பூரில் அப்படிப்பட்ட கார் என்றால் வாகன உரிமைச் சான்றிதழை 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பித்த கார் என்று பொருள். புதிய காரின் விலையைப் பார்த்துத் தலை சுற்றியவர்கள்தான் பெரும்பாலும் இந்தப் பக்கம் வருகிறோம். நானும் அப்படி வந்தவன்தான். என்னிடம் இருப்பது 12 வயது ஜப்பானிய செடான். எஞ்சினைப் பிரிக்கும் வேலை எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நிறுத்துமிடம் அதற்கான இடமும் இல்லை. காது, கண், கைபேசி, நீளமான ஒரு திருப்புளி, இவற்றை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போவோம்.

என் அனுபவத்தில், சத்தம் எப்போது வருகிறது என்று சரியாகச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பட்டறையில் முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான். "தெரியவில்லை, சத்தம் வருகிறது, அவ்வளவுதான்" என்று பதில் சொல்கிறவருக்குத்தான் பில் நீளுகிறது.

ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா?

சத்தத்தோடு சிவப்பு நிற ஆயில் விளக்கும் எரிந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். எஞ்சினை உடனே அணைத்துவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுவது. அழுத்தம் விழுந்துவிட்டால் உள்ளே உலோகத்தின்மேல் உலோகம் உரசத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். "வீடு பக்கத்தில்தானே" என்று இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால், ஒருவேளை சிறு செலவில் முடிந்திருக்கக்கூடிய வேலை வேறு எஞ்சின் தேடும் வேலையாகிவிடும். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலும் ஓட்டாமல் இருப்பது நல்லது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், அங்கே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

தீவு விரைவுச்சாலையிலோ மத்திய விரைவுச்சாலையிலோ மாட்டிக்கொண்டால் சாலையோரத் தடத்துக்கு வந்து, அபாய விளக்கைப் போட்டு, எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகில் உள்ள குறிப்பிட்ட நிறுத்துமிடம் வரை காரை இலவசமாக இழுத்துச் சென்றுவிடும். அங்கிருந்து பட்டறை வரை உங்கள் செலவு.

விளக்கு எதுவும் எரியவில்லை, சத்தம் மட்டும்தான் என்றால் பதறாமல் மேலே படியுங்கள்.

ஆயிலைப் பாருங்கள்

சமதரையில் நிறுத்துங்கள். சரிவுப்பாதையில் நிறுத்திப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். எஞ்சினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் கழித்து அளவுக்கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் ஆயில் நிற்க வேண்டும். பல கார்களில் அந்த இரண்டு கோடுகளுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 1 லிட்டர். கீழ்க் கோட்டுக்கும் கீழே என்றால் சத்தத்துக்கான காரணம் அதுவாகவே இருக்கலாம். கையேட்டில் சொல்லியிருக்கும் தர ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள்.

அளவோடு நிறுத்தாதீர்கள். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு சொட்டை வைத்துத் தேய்த்து, வெயிலில் காட்டிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பழைய ஆயில், பெரிய விஷயமில்லை. பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கலந்திருக்கிறது. பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் ஆயில் நீர்த்துப் போயிருக்கிறது. பட்டுச் சேலையின் ஜரிகைத் தூள் போலப் பளபளவென்று மினுமினுத்தால், அது எஞ்சினுக்குள் ஏதோ ஒரு பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் உலோகப் பாகம்) தேய்ந்து வந்த பொடி. இந்தக் கடைசி அறிகுறி தெரிந்தால் காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கெட்டியான ஆயிலை ஊற்றினால் சத்தம் அடங்கும் என்று சொல்லும் நண்பர் எல்லாருக்கும் ஒருவர் இருப்பார். உண்மைதான், அடங்கும். காரை விற்க நினைப்பவருக்கும் இது தெரியும். குளிரில் மட்டும் வரும் சத்தத்தை மறைக்க, எஞ்சினை முன்பே சூடாக்கி வைப்பதும் உண்டு. அதனால்தான் பழைய கார் பார்க்கப் போகும்போது முதலில் பானெட்டின்மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், விற்பவர் எதையோ உங்கள் காதுக்கு எட்டாமல் வைக்கிறாராக இருக்கலாம்.

எப்போது வருகிறது?

ஒரு தாளில், இரண்டு மூன்று நாள், இவற்றைக் குறித்து வையுங்கள்: காலையில் முதல் தடவை இயக்கும்போதா, சூடான பிறகா? நின்றுகொண்டிருக்கும்போதா, ஓடும்போதா? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, விடும்போதா? கியரை மாற்றும் கணத்திலா?

'குளிர்ந்த எஞ்சின்' என்று வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வது பனி உறைந்த காலை. நமக்கு விடியற்காலையிலும் 24, 25 பாகைதான். அங்கே ஐந்து நிமிடம் கேட்கும் சத்தம் இங்கே சீக்கிரமே மறைந்துவிடலாம். ஆகவே இரவு முழுவதும் நின்ற காரை, வானொலியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, காலையில் நீங்களே இயக்கிக் கேட்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் இது நடக்காது. ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.

இயக்கிய முதல் ஓரிரு நொடி மட்டும் 'கடகட' என்று சங்கிலியை உலுக்குவது போல வந்து அடங்கினால் வால்வுகள் திறக்கும் நேரத்தைக் காக்கும் டைமிங் சங்கிலியையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சந்தேகியுங்கள். தள்ளிப்போடாதீர்கள், சங்கிலி பல் தாண்டினால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். குளிரில் மந்தமாக 'தொப் தொப்' என்று வந்து, சூடேறியதும் போய்விட்டால் பிஸ்டன் சுவரில் தட்டும் சத்தமாக இருக்கலாம். அதோடு பல ஆண்டு ஓடிய கார்கள் உண்டு. குளிரில் 'டிக் டிக்' என்று வந்து சூட்டில் குறைவது புகைக்குழாய் (எக்ஸாஸ்ட்) இணைப்பில் சிறு கசிவாகவும் இருக்கலாம். உலோகம் விரிந்ததும் இடைவெளி அடைபட்டுவிடும்.

இதற்கு நேர்மாறானதுதான் கவலைக்குரியது. காலையில் அமைதி, அரை மணி நேரம் ஓட்டி ஆயில் இளகியதும் அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற கனத்த 'டொக் டொக்'. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேகத்தடையில் ஏறும்போது மட்டும் தட்டினால் எஞ்சினை விடுங்கள், சக்கரத்துப் பக்கம் பாருங்கள். பார்க் நிலையிலிருந்து டிரைவுக்கோ ரிவர்ஸுக்கோ மாற்றும்போது ஒரே ஒரு 'டொம்' என்றால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தளர்ந்திருக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தகரம் அதிர்வது போல 'லொட லொட' என்று வந்தால், புகைக்குழாயின் மேலிருக்கும் வெப்பக் கவசத் தகடு. இந்த மூன்றும் எஞ்சின் போய்விட்டது என்று மக்களை அடிக்கடி அழவைப்பவை.

எண்ணிப் பாருங்கள்

இது எனக்குப் பிடித்த சோதனை. பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஆகவே வால்வுப் பக்கத்துச் சத்தம், கிராங்க் பக்கத்துச் சத்தத்தைவிடப் பாதி வேகத்தில் வரும். காதால் எண்ண முடியாது. 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று) என்றால் நொடிக்கு 13 சுற்றுக்கு மேல். ஆனால் கைபேசியால் முடியும்.

எஞ்சின் சீராக ஓடும்போது பானெட்டைத் திறந்துவைத்து 10 நொடி காணொளி எடுங்கள். ஆர்பிஎம் முள் எங்கே நிற்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் உட்கார்ந்து, நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த மெதுவான ஓட்டத்தில் 10 நொடிக்குள் எத்தனை தட்டு என்று எண்ணுங்கள். ஆர்பிஎம்மை 24ஆல் வகுத்தால் வரும் எண்ணும் உங்கள் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் சத்தம் கிராங்க் வேகத்தில் வருகிறது. 48ஆல் வகுத்த எண்ணோடு ஒத்துப்போனால் வால்வு வேகத்தில். 800 ஆர்பிஎம்மில் முதலாவது ஏறத்தாழ 33, இரண்டாவது 17. இரண்டோடும் ஒட்டாத எண் வந்தால் பெல்ட்டில் ஓடும் ஏதோ ஒரு கப்பியைத் தேடுங்கள். அவற்றின் விட்டம் வேறு, வேகமும் வேறு.

பாதி வேகத்தில் வரும் மெல்லிய 'டிக் டிக்' பெரும்பாலும் வால்வு இடைவெளி, அல்லது வால்வைத் தள்ளும் பாகமான ஹைட்ராலிக் டாப்பெட்டில் ஆயில் சரியாக ஏறாதது. பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் புதிதாக இருக்கும்போதே தட்டச்சு இயந்திரம் போலத்தான் ஒலிக்கும். அது நோயில்லை.

எங்கிருந்து வருகிறது?

நீளத் திருப்புளியின் கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்தி, நுனியை எஞ்சினின் ஓடாத பாகங்களில் ஒவ்வொன்றாக வையுங்கள். வால்வு மூடி, மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் உடல், தண்ணீர் பம்ப், அடியில் ஆயில் தொட்டி. எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அதன் அக்கம்பக்கம்தான். முதல் தடவை செய்யும்போது எல்லா இடத்திலும் ஏதோ ஒரு சத்தம் கேட்டுக் குழப்பும். நன்றாக ஓடும் நண்பரின் காரில் ஒருமுறை கேட்டுப் பழகிக்கொண்டால் வித்தியாசம் பிடிபடும்.

தொடங்குமுன்: துப்பட்டா, சேலை முந்தானை, கழுத்துச் சங்கிலி, நீளக்கை சட்டை எதுவும் பானெட்டுக்குள் தொங்கக் கூடாது. பெல்ட்டுக்கு இரக்கம் கிடையாது. எஞ்சினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலலாம். நிலத்தடி நிறுத்துமிடத்தில் இதைச் செய்யாதீர்கள், புகை தேங்கும். நிறுத்திவைத்த காரின் எஞ்சினைத் தேவையின்றி ஓடவிடுவது இங்கே குற்றமும்கூட. காற்றோட்டமான இடத்தில், சுருக்கமாகக் கேட்டுவிட்டு அணைத்துவிடுங்கள்.

ஏர்கானை அணைத்தீர்களா?

என் காரில் சென்ற ஆண்டு இந்தச் சத்தம் வந்தபோது முதலில் போன பட்டறையில் பானெட்டைத் திறந்து, இரண்டு நிமிடம் கேட்டு, "பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பிறகு காக்கி புக்கிட்டில் ஒரு சின்னப் பட்டறை. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வந்துபோகும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் பானெட்டைத் தொடவே இல்லை. நேராக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, "தம்பி, ஏர்கானை அணைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"இந்த ஊரில் யார் அண்ணே ஏர்கானை அணைப்பார்கள்?"

சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். முன்னால் 'க்ளிக்' என்று கம்ப்ரசர் விடுபட்டது. டொக் டொக் நின்றது. மறுபடி அழுத்தினார், வந்தது. மூன்றாவது தடவை என் விரலைப் பிடித்து என்னையே அழுத்த வைத்தார். கம்ப்ரசரைப் பிடித்திருந்த போல்ட்டு ஒன்று தளர்ந்திருந்தது. அதை முறுக்கியதோடு வேலை முடிந்தது.

பேரிங் என்று சொன்னவர்கள் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சத்தம் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. அணைத்துப் பார்க்கும் அரை நிமிடத்தைத் தவறவிட்டார்கள். நானும்தான்.

ஒரு சிறு எச்சரிக்கை: ஏர்கானை அணைத்தாலும் கம்ப்ரசரின் கப்பி பெல்ட்டோடு சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கப்பியின் பேரிங்கே போயிருந்தால் சத்தம் நிற்காது. அப்போது பட்டறையில் பெல்ட்டைக் கழற்றிச் சில நொடி மட்டும் எஞ்சினை இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் கம்ப்ரசர், ஆல்டர்னேட்டர், டென்ஷனர், இவற்றில் ஒன்று. எஞ்சின் தப்பியது.

ஏற்றத்தில் மட்டும் 'கிணுகிணு'

மவுண்ட் ஃபேபர் ஏற்றத்திலோ மேம்பாலத்தில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மிதிக்கும்போதோ, சில்லறைக் காசைத் தகர டப்பாவில் குலுக்குவது போலக் கேட்டால், அது சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரந்தவறி வெடிப்பது. 92, 95, 98 என்று பம்பில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண், இப்படித் தானாக வெடிப்பதைப் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைக் காட்டுகிறது. பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ கையேட்டிலோ உங்கள் காருக்கு எது என்று இருக்கும். குறைந்த எண்ணை ஊற்றியிருந்தால் அடுத்த முறை சரியானதை ஊற்றிப் பாருங்கள். ஜொகூர் போய் நிரப்பும் வழக்கமுள்ளவர்களுக்கு: சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட காருக்கு அங்கே 95 விற்க அனுமதியில்லை, 97 கேட்டு வாங்க வேண்டும்.

சரியான பெட்ரோலிலும் சத்தம் தொடர்ந்தால், உள்ளே படிந்த கரி, எஞ்சின் அதிகம் சூடாவது, அல்லது இந்தத் தட்டலைக் கேட்டுத் தீப்பொறியின் நேரத்தைத் தள்ளிவைக்கும் நாக் சென்சாரின் பழுது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காரின் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் சிறு கருவி இருந்தால் பி0325 அந்த சென்சாரின் இணைப்பைச் சுட்டும். பி0016 வந்தால் கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை, சங்கிலி நீண்டிருக்கலாம்.

பயப்பட வேண்டிய சத்தம்

சூடான எஞ்சின், கனத்த தட்டு, கிராங்க் வேகம், ஆயில் தொட்டிப் பக்கம் அதிகம் கேட்பது. இந்த நான்கும் சேர்ந்தால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். 2,000, 2,500 ஆர்பிஎம் வரை ஒரே ஒருமுறை மெதுவாக ஏற்றி, காலை விடும்போது தட்டு இன்னும் பலமாகக் கேட்டால் சந்தேகம் வலுக்கிறது. திரும்பத் திரும்பச் செய்து பார்க்காதீர்கள்.

இந்தக் கட்டத்திலும் 'எஞ்சினை இறக்குங்கள்' என்று சொல்லிவிட வேண்டாம். மூன்று விஷயங்களை முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆயில் அழுத்தத்தை மானி பொருத்தி அளந்து, கையேட்டு அளவோடு ஒப்பிடுவது. ஆயில் வடிகட்டியை வெட்டிப் பிரித்து, மடிப்புகளில் உலோகத் துகள் இருக்கிறதா என்று உங்கள் கண்முன் பார்ப்பது. ஆட்டோ கியர் கார் என்றால், எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் தட்டில் விரிசலோ தளர்ந்த போல்ட்டோ இருக்கிறதா என்று பார்ப்பது. அந்தத் தட்டில் விரிசல் விட்டால் ராட் பேரிங் போலவே தட்டும், கைதேர்ந்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள்.

மூன்றும் பேரிங்கைத்தான் காட்டுகின்றன என்றால் அடுத்தது சிஓஇ கணக்கு. 5 ஆண்டுக்குப் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்க முடியாது. அதில் ஒன்றரை ஆண்டு மிச்சமிருக்கும்போது எஞ்சினுக்குச் செலவழிப்பதும், 10 ஆண்டுக்குப் புதுப்பித்து எட்டு ஆண்டு மிச்சமிருக்கும்போது செலவழிப்பதும் ஒன்றில்லை. பதிவை ரத்துசெய்தால் பயன்படுத்தாத காலத்துக்கான சிஓஇ தொகை கழிவாகத் திரும்பும். அதைப் பழுதுச் செலவோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வேறு எஞ்சின் பொருத்துவதாக இருந்தால் எஞ்சின் எண் மாறும். ஆணையத்தின் நடைமுறையைப் பட்டறை கவனித்துக்கொள்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

"போன மாதம்தானே ஆய்வில் தேறியது?" என்று சிலர் வாதிடுவார்கள். 10 வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் ஆய்வுக்குப் போகிறது, சரி. அங்கே பிரேக், விளக்கு, அடிப்பகுதி, புகை இவற்றைப் பார்ப்பார்கள். உள்ளிருக்கும் பேரிங்கைப் பற்றி அந்தச் சான்று எதுவும் சொல்லாது.

பட்டறையில்

சின் மிங், உபி, காக்கி புக்கிட் பக்கம் பட்டறைக்குப் பஞ்சமில்லை. மொழி ஒத்துப்போகவில்லை என்றும் தயங்க வேண்டாம். பள்ளியில் மனப்பாடம் செய்த இரட்டைக் கிளவி இங்கேதான் உதவும். மேசையில் விரல் முட்டியால் தட்டி 'டொக் டொக்' என்றால் எந்த மொழிக்காரருக்கும் புரிகிறது. 'கிணுகிணு'வுக்கும் அதற்கும் வித்தியாசம் அவருக்கும் தெரியும். கைபேசிக் காணொளியைக் காட்டுங்கள், குறித்துவைத்த தாளை நீட்டுங்கள். கழற்றும் பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். வேலை தொடங்குமுன் தொகையை எழுதி வாங்குங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வரும் சத்தம் என்றால், ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய காரில் அது கேட்காது. "ஒன்றும் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். முந்தின மாலையே காரை அங்கே விட்டுவிட்டு எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்புங்கள். நீங்கள் வரும்வரை யாரும் சாவியைத் திருப்பக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிட்டு வாருங்கள்.